வீட்டில் ஆள் இருந்தது

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம். அத்தானும் நலமாகத்தான் இருப்பார். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார் என்று போன கடிதத்திலேயே சொன்னேன், நீ கேட்டிருக்கமாட்டாய். சின்னக்குட்டிக்கு இருமல் விட்டதா?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மழைத் தண்ணீர் இல்லை, குழாய்த் தண்ணீர். மேல்தொட்டியிலிருந்து குளியலறைக்கு இறங்கும் குழாய் சுவருக்குள்ளேயே வெடித்து, எவ்வளவு நேரம் ஓடியதோ தெரியவில்லை. படுக்கையறையில் கணுக்கால் அளவு நின்றது. சுவர்ப் பூச்சு பாதி பெயர்ந்து கட்டில் மேல் விழுந்து கிடக்கிறது. அலமாரி உப்பிப்போய்க் கதவு மூட வரவில்லை.

எங்களுக்குக் கீழ்த்தளத்தில் குடைக் கிடங்கு வைத்திருப்பவர் உனக்கு ஞாபகம் இருக்கும். எப்போதாவதுதான் வந்து திறப்பார். அவர்தான் முதலில் பார்த்தார். மேலே வந்து கதவைத் தட்டியிருக்கிறார், யாரும் திறக்கவில்லையாம். நேரே எங்கள் பல் லேபுக்கு வந்துவிட்டார். "மழையில நனையத்தான் குடை விக்கிறேன். விக்கறதுக்கு முன்னாடியே நனைச்சுக் குடுத்துட்டீங்களேம்மா" என்றார். நான் கையில் இருந்த பல் செட்டைக்கூடக் கீழே வைக்காமல் ஓடினேன். யாரோ ஒரு பெரியவரின் கீழ்த்தாடை, வழியெல்லாம் என்னோடு ஓடி வந்தது.

உள்ளே அத்தான் இல்லை. பட்டப்பகலில் ஹால் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கிற வழக்கம் அவருக்கு எந்த நாளிலும் கிடையாது. குடைக்காரர் பயந்துபோய் கரண்ட் மெயினை இறக்கினார், நான் குழாயை மூடினேன்.

நீ கம்பெனியில் சேர்ந்த புதிதில் எங்கள் தலையில் கட்டினாயே வீட்டு பாலிசி, அது இதற்கு உதவுமா? கையில் சேமிப்பு என்று எதுவும் இல்லை. குடைக்காரரும் தன் குடைகளுக்கு வழி கேட்கிறார்.

பதிலை வீட்டு விலாசத்துக்கு எழுதாதே, தபால் பெட்டி உடைந்து கிடக்கிறது. லேபுக்கே போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். குட்டிக்கு இருமல் நின்று, இப்போது எனக்குப் பிடித்திருக்கிறது. தலையணை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், சத்தியமாக.

போனில் கூப்பிடாமல் எழுதுகிறானே என்று கோபித்துக்கொள்ளாதே. எங்கள் கம்பெனியில் எழுத்தில் இருப்பதுதான் நடந்தது. பேசியதெல்லாம் காற்றோடு போச்சு.

கவலைப்படாதே. அது நான் பிடித்த முதல் பாலிசி. ஒவ்வொரு ஷரத்தையும் படித்துப் பார்த்துத்தான் உன் கையில் கொடுத்தேன். குழாய் திடீரென்று வெடித்துச் சேதமானால் கம்பெனி கொடுக்கும். கீழ்வீட்டுக்காரர் பொருள் கெட்டாலும் அதிலேயே அடங்கும். இதற்கு ஒரே ஒரு விலக்குதான் குறுக்கே வரும்: தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை என்றால், தண்ணீர் சேதத்துக்குப் பைசா கிடையாது. ஆள் இல்லாத வீட்டில் சின்னக் கசிவும் பெரிய வெள்ளமாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் ஒன்று எனக்குப் பிடிபடவில்லை அக்கா. இரண்டு பேர் குடியிருக்கிற வீட்டில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்வரை எப்படித் தெரியாமல் போனது? அத்தான் லிப்ட் மெக்கானிக். எங்கேயோ ஆறாவது மாடியில் ஒரு நட்டு லூசானால் கீழேயிருந்தே கேட்கிற காது அவருக்கு. சர்வேயர் வந்தால் இதைத்தான் முதலில் கேட்பார். ஒரு வரி எழுதி அனுப்பு.

சொந்தக்காரர் கிளெய்மை நான் தொடக் கூடாது. பக்கத்து மேஜைக்காரர் பார்ப்பார். அத்தானை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். இருமலுக்கு வெந்நீர் குடி. பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம். இந்த மாதம் ஊரில் எல்லோருக்கும் ஒன்றாகப் பல் விழுந்துவிட்டது போலிருக்கிறது.

உன் பேச்சைக் கேட்டு அந்த பாலிசியை எடுத்துப் படித்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆகாயத்திலிருந்து விமானம் வந்து விழுந்தால் பணம் உண்டாம். கரையான் தின்றால் கிடையாதாம். பக்கத்து வீட்டுத் தீ பரவினால் உண்டாம், யுத்தம் வந்து அதே தீ பரவினால் கிடையாதாம். எலிக்கு ஒரு பத்தி, அணுகுண்டுக்கு ஒரு பத்தி. இரண்டுமே ஒரே பக்கத்தில், அடுத்தடுத்து. எங்கள் வீட்டில் எலிதான் உண்டு என்று அப்போதே உன்னிடம் சொன்னேன், நீ விமானத்தைக் காட்டி என்னிடம் கையெழுத்து வாங்கினாய்.

நீ கேட்ட வரி இது. எழுதிக்கொள். வீட்டில் ஆள் இருந்தது. அவர் இருந்தார். நாள் தவறாமல் இருந்தார். அதற்கு நானே சாட்சி. வேண்டுமென்றால் கம்பெனிக் காகிதத்திலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

எப்படித் தெரியாமல் போனது என்று என்னைக் கேட்காதே, அவரைக் கேள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டும் ஒரு மனுஷன் ஏன் சும்மா இருந்தார் என்று எனக்கும்தான் தெரிய வேண்டும். அவர் ஆபீஸ் விலாசத்துக்கு எழுது. அங்கேதான் சீக்கிரம் கிடைக்கும்.

உன் மனைவிக்கு என் அன்பு. குட்டிக்கு முத்தம்.

அக்கா


மார்ச் 9

அன்பும் மரியாதையுமுள்ள அத்தானுக்கு,

நலமா? மூட்டு வலி குறைந்ததா? எனக்கு இருமல்தான் விடவில்லை, மற்றபடி நாங்கள் எல்லோரும் நலம்.

வீட்டுச் சேதம் பற்றி அக்கா எழுதினாள். கம்பெனி விதிப்படி வீட்டில் உள்ள பெரியவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு வாக்குமூலம் தர வேண்டும். படிவம் வைத்திருக்கிறேன். ஜனவரி, பிப்ரவரியில் வீட்டில் தொடர்ந்து யார் குடியிருந்தார்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. அதை மட்டும் தெளிவாக எழுதிவிடுங்கள், மற்றதைப் பக்கத்து மேஜைக்காரர் பார்த்துக்கொள்வார்.

இதை ஏன் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அக்கா அப்படித்தான் எழுதச் சொன்னாள். அவள் உடம்பு எப்படி இருக்கிறது? கேட்டால் தன்னைப் பற்றி எதுவும் எழுதமாட்டேன் என்கிறாள்.

உங்கள்,
மச்சினன்


மார்ச் 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். மூட்டு அப்படியேதான் இருக்கிறது. எண்ணெய் போட்டால் சரியாக அது என்ன லிப்ட்டா?

படிவத்தை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். "என் மனைவி தொடர்ந்து வீட்டில் குடியிருந்தாள்" என்று எழுதியிருக்கிறேன். அது உண்மை. ஒரு நாள்கூட அவள் இல்லாமல் இல்லை. யார் வந்து கேட்டாலும் சொல்வேன்.

சேதத்தை நானும் பார்த்தேன். பார்த்ததிலிருந்து ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. மெயின் குழாயை மூடும் திருகு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் உன் அக்காவுக்குத் தெரியும். குடிவந்த அன்றே காட்டியிருக்கிறேன். தெரிந்தும் இவ்வளவு தண்ணீரை ஓடவிட்டிருக்கிறாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஏன் என்று கேட்டுச் சொன்னால் உபகாரமாக இருக்கும். நான் கேட்கிற நிலையில் இல்லை.

அவள் உடம்பைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். நன்றாகத்தான் இருப்பாள்.

உன் இருமல் எப்படி? புகைபிடிப்பதை விட்டாயா, வீட்டுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறாயா?

அன்புடன்,
அத்தான்


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் நலத்தை இந்தத் தடவையாவது ஒரு வரிக்கு மேல் எழுது.

நல்ல செய்தி. சர்வேயர் வந்து பார்த்துவிட்டார். நீ சாவியைக் கொடுத்துவிட்டு லேபுக்குப் போய்விட்டாயாம், சுவரோடு அவரைத் தனியாக விட்டுவிட்டு. சேதம் உண்மை, குழாய் பழைய கோளாறு இல்லை, திடீரென்று வெடித்தது என்று எழுதியிருக்கிறார். உங்கள் இருவர் வாக்குமூலமும் மேனேஜரிடம் போனது. அவர் ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு படித்தார். "புருஷன் இருந்தார்ங்குது இந்த அம்மா. பொண்டாட்டி இருந்தாள்ங்கிறாரு அவரு. அப்ப ரெண்டு பேரும் இருந்திருக்காங்க. ரொம்ப தெளிவா இருக்கு" என்றார். இன்னும் ஒரு கையெழுத்து, பணம் வந்துவிடும்.

கம்பெனியில் எல்லோருக்கும் தெளிவாகிவிட்டது. எனக்குத்தான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருக்கிறது.

அக்கா, உன் வாக்குமூலத்தில் நீ இருந்ததாக ஒரு வார்த்தை இல்லை. அத்தான் வாக்குமூலத்தில் அவர் இருந்ததாக ஒரு வார்த்தை இல்லை. இத்தனை வருஷமாக நான் இந்த மாதிரிக் காகிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கிளெய்ம் கேட்கிறவர்கள் "நான் இருந்தேன், என் கண்ணால் பார்த்தேன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சர்வேயர் இன்னொன்றும் குறித்திருக்கிறார். ஹாலில் தொங்கும் நாள்காட்டியில் ஜனவரி நான்காம் தேதியிலிருந்து தாள் கிழிக்கவில்லையாம். ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அவரே சமாதானமும் எழுதிவிட்டார். ஆனால் படுக்கையறை நிலைப்படியைத் தாண்டி ஹாலுக்குத் தண்ணீர் வரவே இல்லை.

கம்பெனிக்காகக் கேட்கவில்லை. உன் தம்பியாகக் கேட்கிறேன். அந்த நாட்களில் நீ எங்கே இருந்தாய்?

தம்பி


ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. எழுத உட்கார்வதும் எழுந்து போவதுமாக இருந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. பூசி மெழுகிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது, சொல்லிவிடுகிறேன். நான் அந்த வீட்டில் இல்லை.

புது வருஷம் பிறந்து நாலாம் நாளிலிருந்து லேபுக்குப் பின்னால் இருக்கிற அறையில் இருக்கிறேன். பல் அச்சு எடுக்கும் பொடி மூட்டைகளைத் தள்ளிவிட்டு ஒரு கட்டில் போட்டிருக்கிறார்கள். முதலாளியம்மா ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு நீ எழுதிய கடிதமெல்லாம் இந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் படித்தேன்.

என்ன சண்டை என்று கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். ஹால் விளக்கை யார் அணைப்பது என்பதுதான். அவர் எழுந்து வரும்போது அணைக்கலாம் என்றேன். கடைசியில் படுப்பவள் நீ, நீ அணை என்றார். இருவரும் அணைக்கவில்லை. விடியும்வரை எரிந்தது. விளக்கு ஒரு சாக்குதான் தம்பி. அதற்கு முன் எத்தனையோ மாதமாக எங்களுக்குள் "சாப்பாடு ஆச்சா", "சாவி எங்கே" தவிர வேறு பேச்சு இல்லை. அவர் வேலை செய்கிற இடத்து லிப்ட்டிலாவது ஏறினால் ஒரு குரல் மாடியைச் சொல்லும். மறுநாள் காலையில் அவர் வேலைக்குப் போனார். அப்போதும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நீயே அணை என்று விட்டுவிட்டு நானும் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆனால் நான் எழுதிக் கொடுத்தது பொய் இல்லை. அவர் இருந்தார். எப்படித் தெரியும் என்கிறாயா? வேலை முடிந்து அந்தத் தெரு வழியாக நடப்பேன். எதிர்ப்புறம் மருந்துக் கடை ஓரமாக நின்று பார்ப்பேன். ஹாலில் விளக்கு எரியும். சரி, இருக்கிறார், சாப்பிட்டாரோ இல்லையோ, இருக்கிறார் என்று திரும்பி வருவேன். வெட்கமாகத்தான் இருக்கிறது இதை எழுத.

அப்படி இருந்தவர் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் பொருள் நனையட்டும் என்று விட்டிருக்கிறார். வெள்ளம் வந்ததும் தன் துணியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கிளெய்ம் வரட்டும். சுவரைப் பூசி, வீட்டை விற்று, ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றிருக்கிறேன். பூசாத வீட்டை யாரும் வாங்கமாட்டார்கள், அதனால்தான் காத்திருக்கிறேன்.

உன் மனைவியிடம் இதைச் சொல்லாதே. அல்லது சொல், யாரிடமாவது சொல்லத்தான் வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 29

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். உன் கேள்வி கிடைத்தது. "எங்கே இருந்தீர்கள்" என்று என்னைக் கேட்டு எழுதுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய், சந்தோஷம்.

நான் ஜனவரியிலிருந்து எங்கள் கட்டடத்து ஷிப்ட் அறையில் இருக்கிறேன். லிப்ட் மோட்டாருக்கு அடுத்த அறை. யாராவது மேலே போனால் என் கட்டிலும் கொஞ்சம் ஆடும். ஒரு விளக்குச் சண்டை. விடிந்ததும் துணியைக் கருவிப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சாயங்காலம் வராவிட்டால் தெரிந்துகொள்வாள் என்று விட்டுவிட்டேன். ஒரு ஆள் அனுப்பிக்கூட அவள் கேட்கவில்லை, நானும் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டேன்.

அவள் வீட்டில் இருந்தது எனக்குத் தெரியும். அந்தத் தெருவுக்கு என் பஸ் போகாது. இருந்தாலும் சுற்றிக்கொண்டு போவேன். நிறுத்தத்தில் இறங்காமல் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், சில நாள் இறங்கியும் பார்ப்பேன். ஹால் விளக்கு எரியும். நான் போனபிறகு விளக்கைப் போட்டுக்கொண்டே தூங்குகிறாள், பயம் போலிருக்கிறது என்று தோன்றும். மேலே போய்விடலாம் என்றும் தோன்றும். படி வரைக்கும் ஒரு தரம் போனேன்.

பிப்ரவரியில் ஒருநாள் விளக்கு இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன். வீடு குளமாகக் கிடந்தது. அவள் துணி இல்லை. அங்கிருந்து பல் லேபுக்குப் போனேன். வாசலில் அவள் செருப்பு கிடந்தது, உள்ளே மெஷின் சத்தம் கேட்டது. ஆள் நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் திரும்பிவிட்டேன். பயம் போனபிறகுதான் கோபம் வந்தது. ஒரு திருகைத் திருப்பினால் நின்றிருக்கும். என் மேல் உள்ள கோபத்தில் வீட்டையே முழுகவிட்டாளே என்று.

வீட்டை விற்கலாம் என்று அவள் நினைத்தால் சொல்லச் சொல். கையெழுத்துப் போடுகிறேன்.

புகையை விடு. இருமல் தானாக நிற்கும்.

அத்தான்


மே 14

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இருவரும் நலமா? நான் நலமில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது, தூக்கம்தான் இல்லை. இதே கடிதத்தை இரண்டாக எழுதி, ஒன்றை லேபுக்கும் ஒன்றை ஷிப்ட் அறைக்கும் போடுகிறேன். ஒரு வார்த்தை வித்தியாசம் இல்லை. சந்தேகம் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்கிறேன். இதற்கு மேல் படித்தால் உங்கள் கிளெய்ம் போய்விடும். இதுவரை நீங்கள் எழுதிக் கொடுத்தது தெரியாமல் சொன்னது. இதைப் படித்தபிறகு அதே வார்த்தை பொய்யாகிவிடும். மேனேஜரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் பணம் வந்துவிடும். சுவரைப் பூசலாம், குடைக்காரருக்குக் கொடுக்கலாம், வீட்டை விற்கலாம். ஆளுக்கொரு பக்கம் போய்ச் சாகிறவரை ஒருவரை ஒருவர் வெறுக்கலாம். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதிவிட்டுத் தபாலில் போடாமல் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். போட்டால் சுவர் போகிறது. போடாவிட்டால் நீங்கள் போகிறீர்கள்.

அக்கா, அத்தான் அந்த வீட்டில் இல்லை. நீ கிளம்பிய அதே நாள் காலையில் அவர் கிளம்பிவிட்டார், திரும்பி வரவே இல்லை. அத்தான், அக்கா அந்த வீட்டில் இல்லை. நீங்கள் போன சிறிது நேரத்தில் அவளும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் யாருமே இல்லை. முப்பது நாளுக்கு மேல், நாலே நாள் கூடுதலாக.

தண்ணீரை யாரும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. பார்க்க அங்கே ஆளே இல்லை.

நீங்கள் இருவரும் பார்த்த விளக்கு, நீங்கள் இருவரும் அணைக்க மறுத்த விளக்கு. அதை யாரும் போடவில்லை, யாரும் அணைக்கவில்லை. அதுவாக எரிந்துகொண்டிருந்தது. ஒருவர் மருந்துக் கடை ஓரத்திலும் ஒருவர் பஸ் நிறுத்தத்திலும் நின்று அதைப் பார்த்துவிட்டு, ஆள் இருக்கிறது என்று நிம்மதியாகத் திரும்பியிருக்கிறீர்கள். வருஷக்கணக்காக நான் பார்க்காத கிளெய்ம் இல்லை. இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சிரிக்கவா அழவா என்று தெரியாமல் மேஜையில் உட்கார்ந்திருந்தேன்.

கம்பெனிக்கு நான் எதுவும் சொல்லப் போவதில்லை. வாபஸ் வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம். ஒருவேளை வாங்கினால், இருவரும் தனித்தனியாக எழுத வேண்டும்.

தம்பி


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன்னிடமிருந்து பதில் இல்லை. அத்தானிடமிருந்தும் இல்லை.

கம்பெனிக்கு உங்கள் கடிதங்கள் வந்தன. வேறு வேறு உறையில், வேறு வேறு தேதியில். "நான் அந்த நாட்களில் வீட்டில் இல்லை" என்று இருவரும் எழுதியிருக்கிறீர்கள். மற்றவரைப் பற்றி இருவருமே ஒரு வார்த்தை எழுதவில்லை. மேனேஜர் கோப்பை மூடிவிட்டார். "போன மாசம் ரெண்டு பேரும் இருந்தாங்க, இந்த மாசம் ரெண்டு பேரும் இல்லைங்கறாங்க. என்ன குடும்பம்யா" என்றார்.

பணத்தைக் கெடுத்தவன் நான். வீட்டையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேனா என்றுதான் தெரியவில்லை. திட்டுவதாக இருந்தாலும் எழுதித் திட்டு. இந்தக் கடிதத்தை எந்த விலாசத்துக்குப் போடுவது என்றே புரியாமல் லேபுக்கே போடுகிறேன்.

தம்பி


ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. திட்டுவதற்கு நேரம் இல்லாததால்தான் எழுதவில்லை, வீட்டில் அவ்வளவு வேலை. குட்டி எப்படி இருக்கிறாள்? உன் இருமல்?

உன் பெரிய கடிதம் வந்த அன்று லேபில்தான் இருந்தேன். படித்தேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன். முதலில் சிரிப்புதான் வந்தது. மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு நிற்பதற்குள் அழுகை வந்துவிட்டது. முதலாளியம்மா மெஷினை நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் என்றதும் மறுபடி சிரிப்பு. நல்ல கூத்து. அங்கேயே கம்பெனிக்கு நாலு வரி எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். அவர் எழுதியதை நான் பார்க்கவில்லை, நான் எழுதியதை அவர் பார்க்கவில்லை. அதனால்தான் இரண்டு உறை, போட்ட நாளும் வேறு. அதைப் பார்த்து நீ பயந்துவிட்டாய், பாவம்.

சாயங்காலம் கால் தானாக அந்தத் தெருவுக்குப் போனது. மருந்துக் கடை ஓரமாக நின்றேன். வீடு இருட்டாக இருந்தது. குடைக்காரர் மெயினை இறக்கியதிலிருந்து அப்படித்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நின்றேன். மருந்துக் கடைக்காரர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். "மாசக்கணக்கா வந்து நிக்கறீங்க, ஒரு மாத்திரைகூட வாங்கல. உங்க வீட்டுக்காரரும் அந்த பஸ் ஸ்டாப்ல இப்படியே நிப்பாரு. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம வீட்டை நோட்டம் விடறீங்களோன்னு நெனச்சேன்."

ஒரு தலைவலி மாத்திரையாவது வாங்குவோம் என்று பையைத் திறந்தபோது எதிரே ஹாலில் விளக்கு எரிந்தது.

மேலே போனேன். கதவு திறந்திருந்தது. அவர் ஸ்டூல் மேல் நின்று மீட்டர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். கீழே ஒயர்த் துண்டுகள் கிடந்தன. உன் கடிதம் அவர் சட்டைப் பையில் தெரிந்தது.

"மெயின்ல ஈரம் ஏறியிருந்துச்சு. மாத்திட்டேன்" என்றார்.

"இந்த இடிஞ்ச வீட்டுக்கு இப்ப எதுக்கு லைட்டு?" என்றேன்.

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ ரோட்டுல வந்து நின்னு பாப்பேன்னு எழுதியிருந்தான். வந்தா, ஆள் இருக்குன்னு தெரியட்டும்னுதான்."

துடைப்பத்தைத் தேடி எடுத்து ஒயர்த் துண்டுகளைப் பெருக்கினேன். அவர் இறங்கி முறத்தைப் பிடித்தார்.

சுவர் பாதியில்தான் நிற்கிறது. அவர் லீவு நாளில் கலவை குழைத்துப் பூசுகிறார், லிப்ட் மெக்கானிக் பூசினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. கட்டிலை வெளியே போட்டுவிட்டோம். ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறோம். குடைக்காரர் கிடங்கின் ஷட்டரை அவர் பழுது பார்த்துக் கொடுத்தார், நான் குடைக்காரரின் மாமியாருக்குப் பல் செட் செய்துகொண்டிருக்கிறேன். குடைக் கணக்கு அதில் தீர்ந்துவிடும். கஷ்டம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். விற்கிற பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

பாலிசியைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறார் அவர். விமானம் விழுந்தாலும் விழும் என்று யோசிக்கிறார் போலிருக்கிறது. தாளை அனுப்பு, கையெழுத்துப் போடுகிறோம். ஹால் விளக்குச் சண்டை இன்னும் தீரவில்லை. நேற்றுகூட நடந்தது.

பதிலை இனி வீட்டு விலாசத்துக்கே போடு. தபால் பெட்டி உடையவே இல்லை.

நான் நலம். அத்தானும் நலம். இந்தத் தடவை பக்கத்தில் இருக்கிறார், அவரைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா